ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு: மலைப்பள்ளி ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி தேவை?

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கையில் டேப் என்று எல்லோரும் சொல்லும் கைக்கணினி, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். சில ஆண்டுகளுக்குள் கருவிகள் வேகமாக வந்து இறங்கிவிட்டன. அவற்றுக்கான பயிற்சிகளும் அடுத்தடுத்து நடக்கின்றன.

இந்தப் பயிற்சிகளைப் பற்றி நீலகிரியில் இரண்டு விதமான குறைகள் காதில் விழுகின்றன. டீச்சர் எப்போது பார்த்தாலும் ட்ரெயினிங் போய்விடுகிறார் என்பது பெற்றோரின் குறை. போர்டை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள், இதை வைத்துப் பாடம் எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பது ஆசிரியர்களின் குறை. பயிற்சி அதிகம் என்கிறது ஒரு தரப்பு, போதவில்லை என்கிறது மறு தரப்பு. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டுமே உண்மை. அது எப்படி என்று புரிய, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

பாடக் கருவி எது, கணக்குக் கருவி எது

பள்ளிக்குள் வரும் டிஜிட்டல் சமாச்சாரங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. செய்யும் வேலையை வைத்துப் பிரித்தால் நான்கு வகை தேறும்.

1. காட்டுபவை. ஸ்மார்ட் போர்டு, புரொஜெக்டர், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2023 ஜூலையில் வந்த மணற்கேணி செயலி ஆகியவை இந்த வகை. பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடும் இதில் சேரும். 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோதே அந்தக் கட்டங்கள் பக்கங்களில் இடம்பிடித்துவிட்டன.

2. கேட்பவை. ஹைடெக் லேபில் நடக்கும் இணையவழித் தேர்வு, வினாடி வினா, செயலிவழி மதிப்பீடு. பிள்ளைக்கு என்ன தெரிகிறது, எங்கே இடறுகிறது என்று இவை கேட்கின்றன.

3. பதிபவை. பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸும் அதைச் சார்ந்த செயலிகளும். வருகைப்பதிவு, நலத்திட்டப் பொருள் கொடுத்த விவரம், மாணவர் விவரம் எல்லாம் இதில் ஏறுகின்றன.

4. ஆசிரியருக்குப் பாடம் நடத்துபவை. ஒன்றிய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்‌ஷா தளமும் அதில் ஓடும் படிப்புகளும்.

மூன்றாவது வகைக்கும் கற்பித்தலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அது நிர்வாகக் கணக்கு. அவசியமான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் புதிய பதிவு முறை வரும்போதெல்லாம் அதற்கும் ஒரு கூட்டம், ஒரு விளக்கம், ஒரு கடைசித் தேதி வருகின்றன. ஆசிரியர் கலந்துகொண்ட டிஜிட்டல் பயிற்சி என்று கணக்குக் காட்டும்போது இவையும் உள்ளே போய்விடுகின்றன. பெற்றோர் கண்ணுக்குத் தெரியும் ட்ரெயினிங்கில் ஒரு பகுதி இதுதான். பதிவேற்ற வேலைகளிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டுவருவதையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம்.

சில கருவிகள் எந்த வகை என்பது பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தது. 2022-23 கல்வியாண்டில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கி, மறு ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் பிரிக்கப்படுகிறார்கள். செயலியில் மதிப்பீடு முடிந்ததும் இன்னின்ன பிள்ளை இன்னின்ன நிலை என்று தெரிகிறது. மறுநாள் காலையில் ஆசிரியர் அதைப் பார்த்துக் குழுக்களை மாற்றி உட்காரவைத்தால் அது இரண்டாம் வகை, அதாவது பாடக் கருவி. பதிவேற்றினோம், பச்சை டிக் விழுந்தது, வேலை முடிந்தது என்று டேப்பை மூடிவிட்டால் அதே செயலி மூன்றாம் வகையாகிவிடுகிறது. மென்பொருள் ஒன்றுதான், மாறியது அதற்கு அடுத்த நாள் மட்டுமே.

பயிற்சி எப்படி இறங்கி வருகிறது

பயிற்சிக் கட்டகம் சென்னையில், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் தயாராகிறது. அங்கே மாநிலக் கருத்தாளர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் மாவட்ட அளவில் சொல்லித்தர, மாவட்டக் கருத்தாளர்கள் வட்டார வள மையத்தில் சொல்லித்தர, அங்கிருந்து ஆசிரியர்களுக்கு வந்து சேர்கிறது. வட்டார வள மையத்தைப் பள்ளிகளில் பி.ஆர்.சி. என்றுதான் சொல்வார்கள். அதற்கும் கீழே, அக்கம்பக்கப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையம். நீலகிரியில் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நான்கு வட்டாரங்கள்.

இந்த அடுக்குமுறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கான ஆசிரியர்களை ஒரு பருவம் தொடங்குவதற்குள் எட்ட வேறு வழி இல்லை, செலவும் குறைவு. சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு படி இறங்கும்போதும் முதலில் உதிர்வது ‘ஏன்’ என்பதற்கான விளக்கம். சென்னையில் கட்டகம் எழுதியவருக்கு இந்தக் காணொலியை ஏன் பாடத்தின் நடுவில் வைத்தோம் என்று தெரியும். மூன்றாவது படியில், நாலு மணிக்குள் முடிக்க வேண்டிய கருத்தாளரிடம் மிஞ்சுவது எந்தப் பட்டனை அமுக்குவது என்பதுதான். இதில் அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் கிடைத்ததை அவர் கொடுக்கிறார்.

இதற்கு மாற்றாக வந்தது இணையவழிப் படிப்பு. நாடு முழுவதும் சுமார் 42 லட்சம் தொடக்கநிலை ஆசிரியர்களை இலக்காகக் கொண்டு 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்தா, கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், 18 கட்டகங்களாகத் தீக்‌ஷாவுக்கு மாறியது. சொல்லும் செய்தி இடையில் தேயாது, சென்னைக்கும் சேரம்பாடிக்கும் ஒரே பாடம். ஆனால் காணொலி ஒருபக்கம் ஓட, இன்னொருபக்கம் நோட்டுத் திருத்தும் வேலை நடக்கும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசியில் சான்றிதழ் வந்துவிடும். பாடம் இறங்கியதா என்று சான்றிதழுக்குத் தெரியாது.

அடுத்து, மணிக்கணக்கு. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர் பணித்திறன் மேம்பாட்டில் பங்கேற்க வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஆனால் பயிற்சியை நாளாகவும் மணியாகவும் எண்ணும் பழக்கம் கொள்கைச் சண்டைக்கு அப்பாற்பட்டது, எல்லா இடத்திலும் இருக்கிறது. எண்ணுவதற்கு எளிது, அவ்வளவுதான் காரணம்.

நிதிச் சண்டையும் இதில் கலந்திருக்கிறது. வட்டார வள மையங்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடாததால் 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது என்பது தமிழ்நாட்டின் புகார். பணம் இழுபறியானால் எந்த அலுவலகத்திலும் முதலில் கைவைப்பது பயணச் செலவில்தான். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு நேரில் போய்வருவது பயணம் சார்ந்த வேலை. அந்த வேலை ஏன் முக்கியம் என்பதற்குத்தான் அடுத்து வருகிறோம்.

12.5 பெரிதா, 12.45 பெரிதா?

கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். பாடம் தெரிந்திருப்பது ஓர் அறிவு. பொதுவாக வகுப்பு நடத்தத் தெரிந்திருப்பது இன்னோர் அறிவு. குறிப்பிட்ட ஒரு பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், அங்கே எந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும் என்று தெரிந்திருப்பது இவ்விரண்டும் கலந்த மூன்றாவது அறிவு. 2006இல் புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் இதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். கருவியை இயக்கத் தெரிவது தனி, அதைப் பாடத்தின் எந்த இடத்தில் வைப்பது என்று தெரிவது தனி என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். ஆசிரியர் பயிற்சி உலகில் டீபேக் என்று சொல்வது இதைத்தான்.

கோட்பாடாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரு வகுப்புக்குள் போவோம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம், தசம எண்கள். சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பிள்ளைகள், கொழுந்து எடைபோட்டுச் சீட்டு எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். 12.5 கிலோ, 12.45 கிலோ, இதில் எது அதிகம்? 12.45தான் என்று பல பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். 45 என்பது 5ஐவிடப் பெரிது, முழு எண்களில் அதுதானே விதி! உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்யும் பிழை இது, கவனக்குறைவால் வருவதல்ல.

முதல் ஆசிரியர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து காணொலியைப் போடுகிறார். ஆறு நிமிடம், நல்ல அசைபடம், நல்ல குரல். பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள். புரிந்ததா என்று கேட்கிறார். புரிந்தது என்று வகுப்பே கோரஸாகச் சொல்கிறது. அடுத்த பயிற்சிக் கணக்கு.

இரண்டாம் ஆசிரியர் காணொலியைத் தொடவே இல்லை. இரண்டு எடைச் சீட்டுகளைப் போர்டில் காட்டி, எந்தச் சீட்டுக்குக் காசு கூட வரும் என்று கேட்கிறார். ஒவ்வொருவரும் விடையைச் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். பாதிக்கு மேல் 12.45 என்று எழுதியிருக்கிறார்கள். அவர் சரி, தப்பு எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லச் சொல்கிறார். சலசலப்பு. ஒரு பிள்ளை, 12.5 என்றால் 12 கிலோ 500 கிராம், 12.45 என்றால் 450 கிராம்தானே என்கிறது. இப்போது ஆசிரியர் போர்டில் ஓர் எண்கோட்டை வரைந்து 12.4, 12.5 இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறார். அதற்குள் பத்துப் பிரிவுகள் விரிகின்றன. நடுக் கோட்டில் 12.45. சாக்பீஸால் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான். போர்டை அணைத்துவிட்டு, 3.7 பெரிதா 3.62 பெரிதா என்று மறுபடி சிலேட்டைத் தூக்கச் சொல்கிறார்.

கருவியை அதிக நேரம் ஓடவிட்டவர் முதல் ஆசிரியர். பயன்பாட்டு அறிக்கை எடுத்தால் அவர்தான் முன்னணியில் நிற்பார். கற்பித்தது இரண்டாமவர். அவருக்குத் தெரிந்திருந்தவை மூன்று: பிழை எங்கே வரும் என்பது, போர்டு எந்த இடத்தில் சாக்பீஸை மிஞ்சும் என்பது, எப்போது அணைப்பது என்பது. ஒரு நாள் பயிற்சியில் இந்த மூன்றும் வராது. பட்டன்கள் வரும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

கருவியை வாங்கிக் கொடுத்தாலே கற்றல் உயர்ந்துவிடும் என்பதற்கு ஆதாரம் மிகவும் மெலிது. கணினிக்குப் பெருமளவு செலவழித்த நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம் 2015இல் அறிக்கை வெளியிட்டது. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துப் பார்த்தார்கள். கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை.

இந்தியாவிலிருந்தே இரண்டு ஆய்வுகள் நமக்கு நெருக்கமானவை. குஜராத்தில் லீ லிண்டன் செய்த, 2008இல் வெளிவந்த ஆய்வில் ஒரே கணிதத் திட்டம் இரண்டு விதமாக ஓடியது. வகுப்பு நேரத்தில் ஆசிரியரின் பாடத்தை நிறுத்திவிட்டுக் கணினியைக் கொடுத்த இடத்தில் கற்றல் குறைந்தது. பாடம் முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுத்த இடத்தில், குறிப்பாகப் பின்தங்கிய பிள்ளைகளிடம், கற்றல் கூடியது. டெல்லியில் கார்த்திக் முரளிதரன் குழுவினர் செய்த, 2019இல் வெளிவந்த ஆய்விலோ, பிள்ளையின் நிலையை அறிந்து அந்த நிலையிலிருந்தே கணக்குக் கொடுக்கும் மென்பொருள், நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தந்தது. ஆக, கருவி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு விடையே கிடையாது. எதற்குப் பதிலாக வருகிறது, யார் நிலைக்கு ஏற்ப வருகிறது என்று கேட்டால் விடை கிடைக்கிறது.

பயிற்சியைப் பற்றியும் ஒரு பழைய முடிவு உண்டு. ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980 முதல் சொல்லிவந்தது: விளக்கம், செய்துகாட்டல், பயிற்சி மூன்றும் தந்தாலும், ஆசிரியர் வகுப்புக்குத் திரும்பிய பிறகு அருகிருந்து கைகொடுக்க ஒருவர் இல்லையென்றால் கற்றது வகுப்பறையை எட்டுவது அரிது. இதற்கு ஒரு சதவீத அட்டவணை பயிற்சி அரங்குகளில் சுற்றிவருகிறது. அது அவர்களின் மதிப்பீடுதான், தராசில் வைத்து நிறுத்த எண் அல்ல. முடிவின் திசை மட்டும் மாறவில்லை. நம் முறையிலோ செலவு முழுவதும் அரங்கத்தோடு நின்றுவிடுகிறது, வகுப்பறை வரை வருவதில்லை.

மலையில் கூடுதலாக நான்கு சங்கடங்கள்

சமவெளிக்கும் பொருந்தும் கதையைத்தான் இதுவரை சொன்னோம். நீலகிரி என்று வரும்போது கணக்கு மாறுகிறது.

1. ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. மலையில் ஊர்கள் சிறியவை, எஸ்டேட் லைன்களும் படகர் ஊர்களான ஹட்டிகளும் பழங்குடிக் குடியிருப்புகளும் சிதறிக் கிடப்பவை. அதனால் இப்படிப்பட்ட பள்ளிகளே சகஜம். ஒருவர் பி.ஆர்.சி.க்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஓட்ட வேண்டும். அன்று நடப்பது பாடமல்ல, பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் வேலை. பெற்றோரின் குறைக்கு வேர் இங்கேதான். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் நகரப் பள்ளியில் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போவதும் இங்கே போவதும் தாளில் ஒரே ஒரு நாள்தான்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. காணொலிகளும் கட்டகங்களும், ஓர் ஆசிரியர், ஒரு வகுப்பு, நாற்பது நிமிடம் என்ற கற்பனையில் தயாரானவை. ஒரே அறையில் மூன்று வகுப்புகள் உட்கார்ந்திருந்தால் ஐந்தாம் வகுப்புக் காணொலியை மூன்றாம் வகுப்பும் வாய்பிளந்து பார்க்கும். தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளைக் கொண்டு இதைச் சமாளித்தது. ஒரு குழு தானாகச் செய்யும்போது ஆசிரியர் இன்னொரு குழுவோடு உட்காருவார். டேப்பையும் போர்டையும் அதே இடத்தில் வைக்கலாம். ஒரு குழுவுக்கு டேப்பில் பயிற்சி, ஒரு குழுவுக்கு எழுத்து வேலை, ஒரு குழுவோடு ஆசிரியர். குஜராத் ஆய்வு சொன்ன கூடுதல் என்ற நிலை, ஈராசிரியர் பள்ளியில் பள்ளி நேரத்துக்குள்ளேயே கிடைக்கும் வழி இது. சமவெளிப் பள்ளிக்கு இல்லாத வசதி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மூன்று குழுக்களை எப்படிச் சுழற்றுவது என்று சொல்லித்தரும் டிஜிட்டல் பயிற்சியைத் தேட வேண்டியிருக்கிறது.

2. தூரமும் பேருந்தும். பந்தலூர் வட்டத்துப் பள்ளிகளும் கூடலூர் வட்டாரத்தில்தான் வருகின்றன. சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லிப் பக்கமிருந்து கூடலூருக்கு வர, கிலோமீட்டர் கணக்கு உதவாது, பேருந்து நேரம்தான் கணக்கு. மாலையில் யானை நடமாட்டம் உள்ள சாலையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கு, பயிற்சியின் கடைசி ஒரு மணி நேரம் காதில் ஏறாது. செய்து பார்க்கும் நேரம் வழக்கமாக அந்தக் கடைசி மணியில்தான் வைக்கப்படுகிறது.

3. சிக்னலும் மின்சாரமும் ஈரமும். பயிற்சி அரங்கில் நெட் ஓடும், பள்ளியில் சுற்றும். மஞ்சூரைத் தாண்டிய ஊர்களிலும் முதுமலைக் காட்டை ஒட்டிய ஊர்களிலும் டவர் கிடைக்கும் மூலை எது என்று ஆசிரியர்களுக்கு மனப்பாடம். அங்கே தேவை நேரலைப் பயன்பாட்டுப் பயிற்சி அல்ல. முந்தைய நாளே இறக்கிவைப்பது, பென் டிரைவில் பகிர்வது, நெட் இல்லாமல் ஓடும் வடிவத்தில் வினாக்களைத் தயாரிப்பது, கரண்ட் போனால் பாடத்தை எங்கிருந்து தொடர்வது ஆகியவைதான். காற்றடித்து மரக்கிளை கம்பியில் விழும் மாவட்டத்தில் இந்தக் கடைசி வேலை விதிவிலக்கல்ல, வாடிக்கை. இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த புரொஜெக்டரின் லென்ஸில் காலையில் பனி படியும். துணியால் தேய்க்காமல், உடனே இயக்காமல், ஈரம் தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுபோன்ற சில்லறை விஷயங்கள்கூடப் பயிற்சியில் வர வேண்டியவைதான்.

4. வீட்டு மொழி. தமிழ்நாட்டின் தொன்மைப் பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு சமூகங்களும் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றன. வீட்டில் படகர் மொழி பேசும் பிள்ளைகள், மலையாளம், கன்னடம் பேசும் பிள்ளைகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் என்று வகுப்பு கலந்திருக்கும். காணொலியில் ஓடும் ஏட்டுத் தமிழ், அதுவும் வேகமாக ஓடினால், முதல் வகுப்புப் பணியர் பிள்ளைக்குப் படம் மட்டும்தான் மிஞ்சும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒலியை அணைத்துவிட்டு, படத்தை நிறுத்தி நிறுத்தி, ஆசிரியரே பிள்ளைகளின் பேச்சில் சொல்வது. ஆசிரியர் சமவெளியிலிருந்து வந்தவர் என்றால் அந்த மொழி பேசும் மூத்த பிள்ளையோ உள்ளூர்த் தன்னார்வலரோ துணைக்கு இருக்கலாம். காசு செலவில்லாத உத்தி. ஆனால் ஒலியை அணைக்கலாம் என்ற அனுமதி பயிற்சியில் சொல்லப்பட வேண்டும். அப்படியே முழுதாகக் காட்டியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் ஓடவிடுகிறார்கள்.

அப்படியானால் பயிற்சி எப்படி இருக்கலாம்

1. பதிவுச் செயலிகளுக்கான விளக்கத்தைக் கற்பித்தல் பயிற்சியிலிருந்து பிரித்துவிடுவது முதல் வேலை. ஐந்து நிமிடக் காணொலியும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும். அதற்காக யாரும் மலை இறங்கி ஏற வேண்டியதில்லை.

2. ஒரு நாளில் பத்துக் கருவி என்பதற்குப் பதிலாக, ஒரு பாடம், அதில் பிள்ளைகள் செய்யும் ஒரு பிழை, அதற்கு ஒரு கருவி. மூன்று வாரம் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு மறுபடி கூடிப் பேசுவது. குறுவள மையம் இதற்கென்றே பொருந்திய அளவு. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள், ஒரே மாதிரியான பிள்ளைகள், ஒரே மாதிரியான சிக்னல் தொல்லை. அங்கே சக ஆசிரியர் சொல்வதற்குச் சென்னைக் கட்டகத்தைவிட மதிப்பு அதிகம்.

3. ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாள். இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. இப்போது அவர் வந்தால் பதிவேடு பார்ப்பார், புள்ளிவிவரம் கேட்பார், போட்டோ எடுப்பார். அவர் மேல் சுமத்தப்பட்ட வேலை அது. அதற்குப் பதிலாகப் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடவேளை முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ஆசிரியரோடு டீ குடித்தபடி இரண்டு விஷயம் பேசிவிட்டுப் போனால் போதும். இன்னும் ஒரு படி மேலே, அவரே ஒரு வகுப்பை எடுத்துக்காட்டலாம். எடுத்துக்காட்ட முடியாதவரிடமிருந்து வரும் அறிவுரை எப்படிக் கேட்கப்படும் என்று சொல்லவே வேண்டாம்.

4. ஈராசிரியர் பள்ளிக்குப் பதிலாள். பயிற்சி நாளில் பதிலாக ஒருவரை அனுப்ப முடியாதென்றால் அந்தப் பள்ளிக்கான பயிற்சியைப் பள்ளியிலேயே நடத்துவதுதான் முறை.

அளவுகோலும் மாற வேண்டியிருக்கும். எத்தனை மணி நேரம், எத்தனை பேர் லாகின் என்பதைக் கேட்பதைவிட, இந்தப் பருவத்தில் எத்தனை வகுப்பறைகளில் பயிற்றுநர் முழுப் பாடவேளை உட்கார்ந்தார் என்ற ஒரு கேள்வி நிறையச் சொல்லும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரும் இதைக் கேட்கலாம். டீச்சர் ஏன் பயிற்சிக்குப் போனார் என்பதற்குப் பதில், போய்வந்து என்ன மாற்றினார் என்று கேட்டால் ஆசிரியருக்கும் பதில் சொல்லத் தோதாக இருக்கும்.

நாட்காட்டிச் சிக்கல்

மாநிலம் முழுவதற்கும் ஒரே பயிற்சி அட்டவணை என்பது நீலகிரியில் இரண்டு இடத்தில் முட்டுகிறது. முதல் பருவம் ஜூனில் தொடங்குகிறது. அப்போது கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை இறங்கும். ஆகஸ்ட் வரை அது எப்படிப் போகும் என்பதற்கு, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதை இன்றும் சொல்வார்கள். இரண்டாம் பருவம் அக்டோபரில். அப்போது வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம். 2009 நவம்பர் மண்சரிவு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. பருவத் தொடக்கப் பயிற்சி என்று ஒரே தேதி குறித்தால், ஜூனில் மேற்குப் பக்கமும் அக்டோபரில் கிழக்குப் பக்கமும் அடிபடும்.

மழை விடுமுறைக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்ட வேண்டும். குறுவள மையக் கூட்டம் நடப்பதும் சனிக்கிழமையில்தான். மழை அதிகமான ஆண்டில் இரண்டும் ஒரே நாளுக்குப் போட்டிபோடுகின்றன. தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள் என்பது சட்டம், அதில் கைவைக்க முடியாது. கூட்டம்தான் தள்ளிப்போகும். மூன்று வார இடைவெளி ஏழு வாரமானால், முயன்று பார்த்ததைப் பேசித் திருத்திக்கொள்ளும் தொடர்ச்சியே போய்விடும். கூடலூர் வட்டாரத்துக்கு ஒன்று, மற்ற மூன்று வட்டாரங்களுக்கு ஒன்று என்று இரண்டு அட்டவணை போட்டுக்கொள்ளும் உரிமையை மாவட்டத்துக்குக் கொடுத்தால் இந்த மோதலில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. அதற்குப் புதுக் கருவியோ புதுச் செயலியோ தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.